எந்த இடுப்பு

"இடுப்பு வலி" என்றேன்.
"எந்த இடுப்பு?" என்றார் டாக்டர் ரெஜினா.

நாற்பத்தேழு வருடமாக
ஒன்றுதான் இருக்கிறதென்று நினைத்திருந்தேன்.
சேலை செருகுவதும் குடம் உட்காருவதும்
பிரசவ வார்டில் விட்டுப்போனதும்
எல்லாம் அதே இடுப்பு.
"ஒரு விரலால் காட்டுங்கள்."
விரல் கிளம்பி, நடுவழியில் நின்றுவிட்டது.

முன்னால், தொடை மடியும் இடுக்கில் என்றால்
மூட்டு; கிண்ணத்துக்குள் பந்து தேய்கிறது.
பக்கவாட்டில், துருத்தும் எலும்பின் மேல் என்றால்
அங்கிருக்கும் சின்ன நீர்ப்பை, அல்லது தசைநார்.
பின்னால் என்றால் பெரும்பாலும் முதுகு.
அது எனக்கு உடனே புரிந்தது.
டிரான்ஸ்பார்மர் ஒரு தெருவில் போகும்,
விளக்கு இன்னொரு தெருவில் அணையும்.

மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள் நான்.
செல்லூர்ச் சந்துகளில் ஒரு நாளைக்கு
நூற்றுச் சொச்சம் மீட்டர்.
மாடிப்படிக்கு அடியில், மாடிப்படிக்கு மேல்,
மாவு மூட்டைக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில்.
நின்றபடி எட்டும் இடத்தில் வைத்தவர்கள்
இதுவரை பதினோரு பேர்.
அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

எப்போதெல்லாம் வலிக்கிறது,
ஒரு வாரம் எழுதி வரச் சொன்னார்.
பழைய வெள்ளை அட்டையின் பின்பக்கம் எழுதினேன்:

திங்கள். படி ஏறுகையில். இறங்குகையில் அவ்வளவு இல்லை.
ஸ்கூட்டிக்கு நடு ஸ்டாண்டு போடுகையில்.
செவ்வாய். பேன்டுக்குள் இரண்டாவது காலை நுழைக்கையில்
பீரோவைப் பிடித்துக்கொண்டேன்.
கௌசர் வீட்டில் தாழ்ந்த சோபா. டீ குடித்துவிட்டு
எழுந்திருக்க முடியாமல் இன்னொரு டீ குடித்தேன்.
புதன் லீவு. வலி இல்லை என்று எழுதி
ராத்திரி அடித்துவிட்டேன்.
வியாழன். வலப்பக்கம் படுத்தால்.
வெள்ளி. வலப்பக்கம் படுத்தால்.

"அப்போது ஏன் வலப்பக்கமே படுக்கிறீர்கள்?"

வலப்பக்கம் படுத்தால்தான் கதவு தெரியும் டாக்டர்.
மாட்டுத்தாவணி ஆம்னி பஸ் ஆபீசில்
கடைசி வண்டி அனுப்பிவிட்டு என் மகன் பரிதி
வந்து சேர ஒன்றரை ஆகும்.
இதை நான் சொல்லவில்லை.
"பழக்கம்" என்றேன்.

பிசியோதெரபி இன்பராஜ் நிற்கச் சொன்னார்.
நின்றேன்.
"எப்பவும் இப்படித்தான் நிற்பீங்களா?"
எப்படி?
குனிந்து பார்த்தேன். உடம்பு மொத்தமும் வலது காலில்.
இடது கால் விருந்துக்கு வந்த மாதிரி
நுனி மட்டும் தரையில்.
மெஷின் பையும் வலது தோளில்.

சனிக்கிழமை, திரும்பும் வழியில், கோயிலுக்குப் போனேன்.
வெள்ளியம்பலத்தில் கூட்டம் இல்லை.
ஊரெங்கும் இடது கால் தூக்கி ஆடுகிறவர்
மதுரையில் மட்டும் வலது கால் தூக்கி ஆடுகிறார்.
கதை எல்லாருக்கும் தெரியும்.
பாண்டியன் தானும் ஆடிப் பார்த்தான்,
உடம்பு நொந்தது,
ஒரே காலில் எத்தனை காலம் நிற்பீர்,
மாற்றிக்கொள்ளும் என்று அழுதான்.
நூறு தடவை கும்பிட்ட இடம்.
எடுத்த பாதத்தையே பார்த்திருக்கிறேன்.
அன்றைக்கு ஊன்றிய காலைப் பார்த்தேன்,
அதற்கு மேலே இடுப்பை.
சாமிக்குக்கூட
யாராவது கேட்டால்தான் போலிருக்கிறது.

எக்ஸ்ரேயில் பந்தும் கிண்ணமும் சரியாக இருந்தன.
பக்கவாட்டு இடுப்புதான்.
பையைத் தோள் மாற்று, மாத்திரை பத்து நாள்,
சுவரைப் பிடித்துக் காலைப் பக்கவாட்டில் தூக்கு,
இடப்பக்கம் படு,
முழங்கால்களுக்கு நடுவே தலையணை வை.

முதல் ராத்திரி நாலு தடவை திரும்பிப் பார்த்தேன்.
கதவு அங்கேயேதான் இருந்தது.
மூன்றாம் ராத்திரி
காது தானாகவே வேலைக்குச் சேர்ந்தது:
பைக் அணைகிறது, நாய் குரைக்காமல் விடுகிறது,
தாழ்ப்பாள்.

"ஏம்மா சுவரப் பாத்துப் படுத்திருக்க,
எம்மேல கோவமா?"

இல்லடா.
கால் மாத்திட்டேன்.
சோறு மூடி வச்சிருக்கு, போட்டுச் சாப்பிடு.